சுத்தம் என்கிற பெண்பாற் சொல்

1

போன தை மாதம் எங்கள் சேரியில் ஒரு பஞ்சாயத்து கூடியது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஷூ கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பையன் ஊர்ச்சாதி இல்லை. அவனும் சேரிக்காரன்தான், அருந்ததியர் தெரு. எங்கள் தெருவுக்கும் அவன் தெருவுக்கும் நடுவே ஒரு ஓடையும் ஒரு களமும்தான் இருக்கின்றன. திமிரி ஊர்க்காரர்கள் எங்கள் இரண்டு தெருவையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள். ஆனால் அன்றைக்கு வேப்பமரத்தடியில் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால், ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு நாடு என்று நினைத்திருப்பீர்கள்.

முப்பது வருஷம் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று தோல் புரட்டியவர் ஒருவர் எழுந்தார். அவருடைய விரலிடுக்குகளில் இன்னமும் வெடிப்பு ஆறவில்லை. "நம்ம ரத்தம் சுத்தமான ரத்தம். அத்த கலக்க வுட்டா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்?" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஓரமாக நின்றாள். என்னைப் பார்த்தாள். "நீ படிச்ச பொண்ணு. நீயாவது சொல்லும்மா" என்றாள்.

முந்தின நாள்தான் ஆற்காட்டில் ஒரு கூட்டத்தில் சாதி ஒழிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தேன். அன்றைக்கு என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "பெரியவங்க பாத்து ஒரு முடிவுக்கு வாங்க." வந்தார்கள். குடும்பத்துக்கு அபராதம். பெண் தெருவுக்குள் கால் வைக்கக் கூடாது. சாவுக்கும் வாழ்வுக்கும் யாரும் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது.

இந்தக் கட்டுரை அன்றைக்கு நான் பேசாமல் விழுங்கிய பேச்சு. அதை ஒரு லத்தீன் சொல்லில் இருந்து தொடங்கப் போகிறேன். சேரிப் பஞ்சாயத்துக்கும் லத்தீனுக்கும் இன்னா சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

2

அடுத்த வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அம்பேத்கரின் 1916ஆம் வருஷக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மே 9ஆம் தேதி அவர் வாசித்த, இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரை. கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, சாதிய இங்கிலீஷ்ல காஸ்ட்னு சொல்றாங்களே, அது எந்த ஊர் வார்த்தை?"

எனக்குத் தெரியவில்லை. நான் எம்.ஏ. தமிழ். வேர்ச்சொல் தேடுவது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய தன் பத்திரிகையில் வாரா வாரம் செய்த வேலையே அதுதான். ஒரு சொல்லைக் கையில் எடுத்து, இது யார் வைத்த பெயர், எதற்காக வைத்தான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன வேர்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் அந்தக் கேள்வியை ஏற்காமல் இருக்க முடியாது.

குருமடத்தில் சில வருஷம் படித்துவிட்டு வெளியே வந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். லத்தீன் தெரிந்தவர். அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

ஆங்கிலக்காரன் காஸ்ட் என்கிற சொல்லைப் போர்த்துக்கீசியரிடம் இருந்து எடுத்தான். போர்த்துக்கீசிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் அது காஸ்தா. இதன் வேர் லத்தீன் காஸ்துஸ் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆணுக்குக் காஸ்துஸ், பெண்ணுக்குக் காஸ்தா, இரண்டும் இல்லாததற்குக் காஸ்தும். பொருள்: சுத்தமான, மாசு படாத, கற்புள்ள. மாதாவுக்குச் சொல்கிற லத்தீன் மன்றாட்டு மாலையில் காஸ்திஸ்ஸிமா என்று ஒரு சொல் வரும். மிகமிகக் காஸ்தா என்று பொருள்.

இதில் ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. சொல்லாராய்ச்சியாளர் சிலர் காஸ்தாவுக்கு ஜெர்மானிய மூலம் காட்டுகிறார்கள். பறவைக் குஞ்சுகளின் கூட்டம், விலங்குகளின் கூட்டம் என்பது போல ஒரு பொருள். உண்மையில் ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் காஸ்தா என்கிற சொல் குதிரைக்கும் செடிக்கும் வழங்கியது. நல்ல காஸ்தாக் குதிரை என்றால் நல்ல இனக் குதிரை. ஆனால் 1611இல் கோவர்ருபியாஸ் என்பவர் தொகுத்த ஸ்பானிய அகராதியே காஸ்தாவைக் காஸ்துஸோடுதான் சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சொல்லைப் பயன்படுத்திய ஆட்கள் அதற்குள் கற்பையும் சுத்தத்தையும் கேட்டார்கள். வேர் எங்கே இருந்தாலும், அவர்கள் காதில் விழுந்தது அதுதான்.

நம்ம சாதி என்கிற சொல்லுக்கு வருவோம். வடமொழி ஜாதி. ஜன் என்றால் பிறத்தல். லத்தீனில் கென்ஸ் என்றால் குலம், நாதுஸ் என்றால் பிறந்தவன். இவை ஜாதிக்கு ஒரே தாய் வயிற்றுச் சொந்தங்கள். தொல்காப்பிய மரபியலில் சாதி என்கிற சொல் நீரில் வாழும் உயிர்களுக்கு வருகிறது. அங்கே குதிரைக்குச் சொன்னதை மனுஷனுக்குச் சொன்னான். இங்கே மீனுக்கும் முதலைக்கும் சொன்னதை மனுஷனுக்குச் சொன்னான். இரண்டு இடத்திலும் மனுஷனை மந்தை பிரிக்கிற வேலைதான் நடந்திருக்கிறது.

ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. சாதி என்பது பிறப்பைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. காஸ்தா, அந்தப் பிறப்புக்கு எங்கே காவல் வைத்திருக்கிறார்கள் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது.

3

இந்தச் சொல் இந்தியாவுக்கு வந்த கதையில் எனக்குத் தூக்கம் கெட்ட இடம் ஒன்று இருக்கிறது.

கார்சியா த ஓர்த்தா என்று ஒரு போர்த்துக்கீசிய வைத்தியர். 1534இல் கோவாவுக்கு வந்தார். இந்த நாட்டு மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றி உரையாடல் வடிவில் அவர் எழுதிய புத்தகம் 1563இல் கோவாவிலேயே அச்சானது. அதில் ஓர் இடத்தில் இந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்கிறார். இங்கே எவனும் அப்பன் தொழிலை விட்டு மாறுவதில்லை என்று சொல்லி, அதற்கு அவர் எடுத்துக்கொள்கிற உதாரணம் செருப்புத் தைக்கிறவர்களின் காஸ்தா.

இந்திய சாதியைக் குறித்து அந்தச் சொல் அச்சில் ஏறிய ஆரம்ப இடங்களில் ஒன்று இது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே செருப்புத் தைத்து அனுப்புகிற நம்ம சனம், அந்தச் சொல்லோடு அன்றைக்கே கூட நிற்கிறது.

ஆனால் ஓர்த்தா யார்? யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1492இல் ஸ்பெயினில் இருந்து துரத்தப்பட்டுப் போர்த்துக்கலுக்கு ஓடிவந்து, 1497இல் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டவர்களின் பிள்ளை. அவர்களுக்குப் புதுக் கிறிஸ்தவர்கள் என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டும் அவர்கள் ரத்தம் சுத்தமாகவில்லை என்று சொன்னார்கள். ரத்தச் சுத்தம் என்று அதற்குச் சட்டமே இருந்தது. ஸ்பெயினில் தொலேதோ நகரத்தில் 1449இலேயே, யூத வம்சத்தில் வந்தவனுக்கு நகரப் பதவி கிடையாது என்று எழுதி வைத்தார்கள். மதம் மாறினாலும் சாதி மாறாது என்கிற பாடத்தைச் சேரிக் கிறிஸ்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓர்த்தா 1568இல் செத்துப் போனார். அடுத்த வருஷமே அவர் தங்கை கத்தரீனாவைக் கோவா மதவிசாரணைக் கோர்ட்டு யூதச்சி என்று சொல்லி எரித்தது. 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

இங்கே வந்து செருப்புத் தைக்கிறவனின் காஸ்தாவைக் குறித்துக்கொண்ட கை, தன் நாட்டில் சுத்தமில்லாத ரத்தம் என்று முத்திரை குத்தப்பட்ட கை. அவருக்கு அது உறைத்ததோ இல்லையோ. அவர் எழுத்தில் இங்கே இருப்பவர்களைப் பற்றி ஒரு வைத்தியர், ஒரு துரை பேசுகிற தொனிதான் இருக்கிறது. தனக்குப் பின்னால் வீசப்பட்ட கல்லை எடுத்துத் தனக்கு முன்னால் இருப்பவனைப் பார்க்க வைத்திருந்தார் என்று அவரைக் குறை சொல்லலாம். வேப்பமரத்தடியில் வாய் மூடி நின்ற நான் அதைச் சொல்ல முடியாது.

இதே சொல் கடல் தாண்டி மெக்சிகோவுக்குப் போனபோது தலைகீழானது. அங்கே காஸ்தாக்கள் என்றால் கலப்பில் பிறந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே வரிசை வரிசையாகப் படங்கள் வரைந்தார்கள். அப்பன் ஒரு நிறம், அம்மா ஒரு நிறம், பிள்ளைக்கு ஒரு பெயர். வழக்கமாகப் பதினாறு கட்டம் இருக்கும். சுத்தத்தைக் குறித்த சொல் கலப்புக்கு எப்படிப் பெயரானது? எனக்குத் தோன்றுவது இதுதான்: சுத்தத்தைக் கணக்கு வைக்கிறவனுக்குக் கலப்பைக் கணக்கு வைக்காமல் முடியாது. அவன் பேரேட்டில் பாதிப் பக்கம் எப்போதும் நம்ம பக்கம்தான்.

4

இனிமேல் இலக்கணம். எம்.ஏ. வகுப்பில் வேற்றுமை நடத்தினபோது பின்பெஞ்சில் ஒருவன், "அத்த நாங்க பொறந்ததுல இருந்து பாத்துக்கினுதான் கீறோம்" என்றான். வகுப்பே சிரித்தது. பெயர்ச்சொல்லின் பொருளை வேறுபடுத்துவதும் வேற்றுமை, மனுஷனை மனுஷன் பாகுபடுத்துவதும் வேற்றுமை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.

லத்தீனில் ஒரு சொல்லின் கடைசி எழுத்துகள் மாறி மாறி வேற்றுமை காட்டும். காஸ்தா என்றால் எழுவாய். காஸ்தாம் என்றால் அவளை. காஸ்தே என்றால் அவளுடைய. காஸ்தே என்றால் அவளுக்கு. கோயில் லத்தீனில் இப்படித்தான் உச்சரிப்பார்களாம். உடைமைக்கும் கொடைக்கும் ஒரே வடிவம். இது தற்செயல். அந்த வகைப் பெண்பாற் சொற்கள் எல்லாமே ஒருமையில் இப்படித்தான் வரும் என்று நண்பர் சொன்னார். இருந்தாலும் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்துவிட்டது.

தொல்காப்பியம் கற்பு என்று எதைச் சொல்கிறது? பெண்ணுடைய உடம்பின் குணத்தைச் சொல்லவில்லை. கொடுப்பதற்கு உரியவர்கள் சடங்கோடு கொடுக்க, கொள்வதற்கு உரியவன் கொள்வது கற்பு என்று கற்பியல் தொடங்குகிறது. அதாவது யார் கொடுக்கலாம் என்கிற அதிகாரத்தின் பெயர் அது. பெண்ணே தன்னைக் கொடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? எங்கள் தெருவில் நடந்ததுதான் ஆகும். அன்றைக்குப் பஞ்சாயத்தில் ஒரு கிழவர் திரும்பத் திரும்பச் சொன்னது, "அவள யார்டா குடுத்தது? நாம குடுத்தமா?" என்பதுதான்.

அம்பேத்கர் 1916இல் இதைத்தான் பிடித்தார். அப்போது அவருக்கு 25 வயது. தீட்டு, உணவு, தொழில் என்று மற்றவர்கள் சாதிக்கு அடையாளம் காட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொடுத்துக்கொள்வதுதான் சாதியின் உயிர் என்றார். அதைக் காப்பாற்றுவதற்காகத்தான் சதி, விதவைக் கோலம், குழந்தை மணம் என்று விளக்கினார். மூன்றும் பெண்ணுடம்பின் மேல் நடந்தவை. சாதியைக் குறிக்க உலகம் எடுத்துக்கொண்ட சொல் பெண்பாலில் நிற்பது வேண்டுமானால் தற்செயலாக இருக்கட்டும். சாதி பெண்ணின் மேல் நிற்பது தற்செயல் இல்லை.

காஸ்துஸின் எதிர்ச்சொல்லைக் கேட்டேன். இன் என்கிற எதிர்மறை முன்னால் சேர்ந்து, நடுவில் உயிரெழுத்து திரிந்து, இன்செஸ்துஸ் ஆகும். முறைதவறிய உறவுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் இதில் இருந்து வந்ததுதான். பழைய ரோமில் வெஸ்தா தேவதையின் நெருப்பைக் காத்த கன்னிப் பூசாரிகள் முப்பது வருஷம் ஆண் தொடாமல் இருக்க வேண்டும். தவறினால் அந்தக் குற்றத்துக்கு இன்செஸ்தும் என்றுதான் பெயர். தண்டனை, உயிரோடு நிலவறையில் வைத்து மூடிவிடுவது. அவளோடு இருந்தவன் என்று சொல்லப்பட்ட ஆணை எல்லோரும் பார்க்க அடித்தே கொல்வார்கள். தொமீசியன் பேரரசன் காலத்தில் தலைமைப் பூசாரி கொர்னேலியாவை அப்படி மூடினார்கள்.

பழைய கதை என்று விட முடியவில்லை. 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் குப்பநத்தத்தைச் சேர்ந்த முருகேசனையும் கண்ணகியையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முருகேசன் தலித், என்ஜினியரிங் படித்தவர். கொன்றவர்களில் கண்ணகியின் அப்பனும் அண்ணனும் இருந்தார்கள். கீழ்க்கோர்ட்டு தீர்ப்புக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்டனை வாங்கியவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. 2025இல் உச்சநீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. பெண்ணுக்குக் கண்ணகி என்று பெயர் வைத்தார்கள். கற்புக்கு உதாரணம் காட்டுகிற பெயர். அவள் தன் மனசுக்குப் பிடித்தவனைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கு அந்தப் பெயரையே எரித்தார்கள்.

5

இப்போது தொடுதல் என்கிற விஷயம். லத்தீனில் தொடு என்பதற்குத் தாங்கோ. தொடப்படாதவள் இந்தாக்தா. கன்னிப் பெண்ணைப் புகழ்கிற சொல் அது. சட்டப் புத்தகங்களிலும் அப்படியே வரும். அதே வேரில் இருந்துதான் தொற்று, மாசு என்கிற பொருள் தருகிற சொற்களும் பிறந்தன. தமிழிலும் அப்படியே: தீண்டு என்பதில் இருந்துதான் தீட்டு.

யோசித்துப் பாருங்கள். தொடப்படாதவள் என்றால் அவளுக்குப் பெருமை. தீண்டப்படாதவன் என்றால் எனக்கு அவமானம். இலக்கணத்தில் இரண்டும் ஒன்றுதான்: செயப்பாட்டு வினை, எதிர்மறை. அவளைச் சுற்றி ஒரு வேலி, என்னைச் சுற்றி ஒரு வேலி என்று நாம் தனித்தனியாகப் பேசுகிறோம். பெண் விடுதலை ஒரு மேடையில், தலித் விடுதலை ஒரு மேடையில். வேலி ஒன்றுதான். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் கற்பு என்று தெரியும். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தீண்டாமை என்று தெரியும். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950இல் இந்தப் பக்கத்தை ஒழித்துவிட்டதாகச் சொல்லியது. அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் ஒழிக்கவில்லை. அதனால்தான் இந்தப் பக்கமும் விழாமல் நிற்கிறது.

காஸ்துஸ் என்பதைக் காரெயோ என்கிற வினையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. காரெயோ என்றால் ஒன்று இல்லாமல் இருத்தல். அப்படிப் பார்த்தால் சுத்தம் என்பது ஒரு இல்லாமையின் பெயர். எது இல்லாமல்? யார் இல்லாமல்? சுத்தமான தெரு என்றால் நாங்கள் இல்லாத தெரு. சுத்தமான கிணறு என்றால் எங்கள் குடம் இறங்காத கிணறு. சுத்த ரத்தம் என்றால் எங்களைக் கட்டிக்கொள்ளாத ரத்தம்.

இங்கே ஒரு கேள்வியை நேராகக் கேட்க வேண்டும். சுத்தம் ஒரு நற்குணமா?

குளிப்பதையும் துவைப்பதையும் நான் கேட்கவில்லை. எங்கப்பா இராணிப்பேட்டையில் டேனரி வேலை முடிந்து வந்தால், சோப்புப் போட்டு இரண்டு தடவை குளிக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். உப்புப் போட்ட பச்சைத் தோலை ஊற வைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, சதை சீவி, அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் பிறகு குரோம் டிரம்மிலும் போட்டு எடுக்கிற வேலை. நாற்றம் பிடித்த தோலை அழுகாத பொருளாக மாற்றுகிற கைகள். அழுக்கைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் யார் என்று பந்தயம் வைத்தால் எங்கப்பா செயிப்பார். ஆனால் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், தன் அம்மா சொன்னதாகச் சொல்லித் தட்டை நகர்த்தி வைத்தாள். அழுக்கு தண்ணீரில் போகும். தீட்டு எந்தத் தண்ணீரிலும் போகாது. ஏனென்றால் அது என் கையில் இல்லை. அவள் வீட்டுக் கணக்கில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் தீட்டுக்கும் மாசுக்கும் ஒரே சொல், பொல்யூஷன். அதுவும் லத்தீன்தான். பாலாற்றை டேனரிக் கழிவு கெடுத்ததென்று வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே அதற்கான பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. ஆற்றைக் கெடுத்தவர்கள் யாரையும் ஊர் தீட்டுக்காரன் என்று சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் பந்தி நடக்கிறது, எல்லோரும் போய்ச் சாப்பிடுகிறார்கள். 2015 ஜனவரி 31ஆம் தேதி விடிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். மாசு செய்கிறவன் ஒருத்தன், மாசில் சாகிறவன் ஒருத்தன், தீட்டென்று பெயர் வாங்குகிறவன் ஒருத்தன்.

என் கேள்விக்கு நான் கண்ட பதில் இது. அன்பு, அறிவு, நேர்மை, துணிச்சல் இவையெல்லாம் எல்லோரிடமும் இருந்தாலும் ஒருவருக்கும் குறையாது. நான் நேர்மையாக இருப்பதற்கு நீ திருடனாக இருக்க வேண்டியதில்லை. சுத்தம் அப்படி இல்லை. எல்லோரும் சுத்தம் என்று ஆகிவிட்டால் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. ஒருத்தன் சுத்தமாக இருக்க இன்னொருத்தன் அசுத்தமாக இருந்தே தீர வேண்டும். அடுத்தவனுடைய இழிவு இல்லாமல் நிற்க முடியாத ஒன்றை நற்குணம் என்று எப்படிச் சொல்வது? அது ஒரு இடம். மேலே ஒரு இடம். அவ்வளவுதான்.

அப்படியானால் ஒருவருக்கொருவர் உண்மையாக வாழ்வதற்கு மதிப்பில்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அதற்கு நம்பிக்கை என்று நல்ல பெயர் இருக்கிறது. அதை இரண்டு பேர் காப்பாற்றிக்கொள்வார்கள். தெருவே கூடிக் காவல் காக்க வேண்டியதில்லை.

6

அந்தப் பெரியவருக்கு வருகிறேன். அவரைத் திட்ட எனக்கு மனசில்லை. அவர் கேட்டது மதிப்பு. வாழ்நாள் முழுக்கத் தோல் நாற்றம் என்று மூக்கைப் பொத்தியவர்கள் நடுவில் நடந்தவர். மதிப்பு என்றால் என்ன என்று அவருக்கு ஊர் காட்டிக்கொடுத்தது ஒரே ஒரு வழியைத்தான்: உனக்குக் கீழே ஒருத்தனை வை, உன் பெண்ணை அவனிடம் இருந்து காப்பாற்று. அதைத்தான் அவர் செய்தார்.

ஆனால் புரிந்துகொள்வது வேறு, விட்டுவிடுவது வேறு. தலித் என்கிற சொல்லின் கடைசியில் இருக்கிற விகுதியும் காஸ்துஸின் கடைசியில் இருக்கிற விகுதியும் ஒரே மூலத்தில் இருந்து வந்தவை என்கிறார்கள் மொழியியலாளர்கள். நொறுக்கப்பட்ட என்கிறோம். நொறுக்கியது யார் என்று அந்த விகுதி சொல்வதில்லை. நாம்தான் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். ஊர் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அது உண்மையும்கூட. அன்றைக்கு அந்தப் பெண்ணையும் அந்தப் பையனின் தெருவையும் நொறுக்கியது யார்? நாம். நான். தலித் ஒற்றுமை என்று சுவரில் எழுதுகிற தோழர்கள், ஓடைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்து எடுத்திருக்கிறோமா என்று தங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும். அருந்ததியர் தனி இட ஒதுக்கீடு கேட்டபோது நம்மில் எத்தனை பேர் முகம் சுளித்தோம் என்பதும் இதே கேள்விதான். 2009இல் தமிழ்நாட்டில் அந்த 3 சதவீதத்துக்குச் சட்டம் வந்தது. நம் வீடுகளில் இன்னும் எதுவும் வரவில்லை.

காரெயோ என்கிற வினை ஐந்தாம் வேற்றுமையை எடுக்கும் என்று நண்பர் சொன்னார். நம்ம இலக்கணத்தில் அந்த வேற்றுமைக்கு நீங்கல் என்று ஒரு பொருள் உண்டு. மலையின் வீழ் அருவி என்று உதாரணம் சொல்லிக்கொடுப்பார்கள். சாதியில் இருந்து நீங்குவதும் அப்படி ஒரு வீழ்ச்சியாகத்தான் முதலில் தெரியும். மேலே இருக்கிற இடம் போகும். எங்கள் தெருவுக்குப் போக இருப்பது ரொம்பக் கொஞ்ச உயரம். அதையே விட மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போனேன். இரண்டு பேரும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவளுக்கு ஆறு மாசம். அவன் வெளியே போய் வாழைப்பழம் வாங்கி வந்தான். சோறு போட்டாள், சாப்பிட்டேன். பிறகு காஸ்தா, காஸ்துஸ், கோவா, ரோம் என்று நான் கண்டுபிடித்ததையெல்லாம் சொன்னேன். பஞ்சாயத்தில் பேசாமல் நின்றதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நல்லாத்தான் பேசற அக்கா. இத்த அன்னிக்கே பேசியிருந்தா எங்கம்மா இப்ப இங்க வந்து இருந்திருக்கும் இல்ல?"

என்னிடம் பதில் இல்லை. இந்த மாசக் கடைசியில் திரும்பவும் பஞ்சாயத்து கூடுகிறது. அபராதப் பணம் பற்றிப் பேசவாம். நான் போகிறேன். லத்தீன் எதுவும் அங்கே வேண்டியிருக்காது.